இருபத்தைந்து மடங்கு மழை

வானத்தை வழிக்குக் கொண்டுவர நம் முன்னோர்கள் படாத பாடு பட்டிருக்கிறார்கள். கழுதைக்குக் கல்யாணம் செய்து பார்த்தார்கள். கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்தார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மந்திரம் சொன்னவர்களுக்குச் சளி பிடித்ததே தவிர மழை பிடிக்கவில்லை. இத்தனை யுகமாக யாராலும் ஆகாத காரியத்தை, மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தலைநகரமாகிய ஈப்போவில், ஒரு குளிர்சாதன அறைக்குள், பதினொரு பேர் ஒன்பதே மாதத்தில் செய்து முடித்தார்கள். ஓர் ஆற்றுப்படுகையின் மழையை இருபத்தைந்து மடங்கு உயர்த்தினார்கள். அதே படுகையின் வெயிலை ஐம்பத்தைந்து டிகிரி குறைத்தார்கள். யாகம் இல்லை, மந்திரம் இல்லை. ஒரு கட்டம் போட்ட தாள், ஓர் அடிக்கோல், இரண்டு நிற மை. செயற்கை மழை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது செயற்குழு மழை.

இந்த மாபெரும் சாதனைக்குக் குறுக்கே நின்றவள் ஒருத்திதான். அவள் பெயர் ராக்காயி.

ஈப்போவிலிருந்து தாப்பா போகும் சாலையில் பன்னிரண்டாம் கட்டையில், அதாவது பன்னிரண்டாம் மைலில், இறங்கி, செம்மண் பாதையில் உள்ளே நடந்தால் ஒரு தோட்டம் வரும். பெயர்ப் பலகையில் ஏதோ வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. சனங்களுக்கு அது பன்னிரண்டாம் கட்டைத் தோட்டம். அந்தத் தோட்டத்து ஆபீஸைக் கூட்டித் துடைப்பது ராக்காயியின் வேலை. தோட்டத்தை வளைத்துக்கொண்டு சுங்கை கெலுவாங் என்ற ஆறு ஓடியது. ஆற்றங்கரையில் கீழ் லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை. நாற்பது வீடு. அதில் ஏழாவது வீட்டில் ராக்காயியும் அவள் புருஷன் ஐயாவுவும் இருந்தார்கள். ஐயாவு ரப்பருக்காகப் பால்மரம் வெட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான்.

மழை அளப்பது சட்டப்படி பெரிய கிராணியாகிய தலைமை எழுத்தர் பழனியப்பனின் பொறுப்பு. ஆபீஸ் முன்னால் புல்தரையில் ஒரு செம்புப் பாத்திரம் நட்டு வைத்திருந்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு அதில் விழுந்திருக்கும் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும். மத்தியானம் ஒரு தடவை, பக்கத்தில் மரப்பெட்டிக்குள் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து அதையும் எழுத வேண்டும். ஆனால் காலை ஏழு மணி என்பது, தோட்ட வாசலில் உள்ள நூஹு நானா கடையில் ரொட்டி சானாய் சூடாக இருக்கும் நேரம். ஒரே மனிதன் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்கிறது விஞ்ஞானம். விஞ்ஞானத்துக்குக் கட்டுப்பட்ட பழனியப்பன், 1961ஆம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை ‘அதிகாரப் பரவல்’ செய்தார்.

“ராக்காயி, நீ மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சவதானே?”

“ரெண்டரைங்க ஐயா. மூணாவது பாதியிலயே அம்மா புல்லு வெட்டக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“ரெண்டரை போதும்லா. மழைக்கு அதுக்கு மேல படிப்பு வேண்டாம். தண்ணி எந்தக் கோட்டுல நிக்குதோ அத எழுது. இனிமே மழை வேலை எல்லாம் உன்னோடது.”

“கடைசிக் கட்டத்துல ‘குறிப்பு’ன்னு போட்டிருக்கே, அதுல என்னங்க எழுத?”

பழனியப்பன் யோசித்தார். அந்தக் கட்டத்தில் அவர் எதுவும் எழுதியதில்லை. “வெள்ளைக்காரன் போட்ட கட்டம். காலியா விடக்கூடாது. உனக்குத் தோணுறத எழுது.”

ராக்காயிக்குத் தோன்றியது ஆறு. லயத்து வாசலிலிருந்து ஆற்றுக்கு இறங்கப் பன்னிரண்டு சிமெண்டுப் படிகள் இருந்தன. தண்ணீரை ஒட்டிய படி ஒன்றாம் படி. லயத்து முற்றம் பன்னிரண்டாம் படி. தினமும் விடிந்ததும் முதல் வேலையாக அங்கே போய்த்தான் அவள் முகம் கழுவுவாள். ஆகவே ஒவ்வொரு நாளும் மழைக்கும் வெயிலுக்கும் பக்கத்தில், அன்றைக்கு ஆறு எந்தப் படியில் நின்றது என்று எழுதினாள். ‘மழை 4.1 அங்குலம். ஆறு அஞ்சாம் படி, மறுநாள் சாயங்காலம்.’ இப்படி ஒரு நாள் விடாமல் இருபது வருஷம். காய்ச்சல் வந்தால் சாக்குப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். அவளுடைய மகள் கல்யாணத்தன்றுகூட, பெண்ணை அழைக்க வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு, போய்ப் பார்த்து வந்தாள். அன்றைக்கு மழை சுழியம்.

எழுபதுகளின் நடுவில் நாட்டுக்கு இரண்டு முன்னேற்றங்கள் ஒன்றாக வந்தன.

முதலாவது, ஆற்றின் மேல்பக்கம் இருந்த மலையை ஒரு நிறுவனம் செம்பனை நடுவதற்காக எடுத்துக்கொண்டது. மூன்று வருஷத்தில் காட்டு மரம் அத்தனையும் லாரியில் இறங்கி எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. பழனிக்கு மொட்டை போட்டுவிட்டு வந்த பிள்ளை மாதிரி மலை நின்றது. ஆற்றுத் தண்ணீர் சிவந்தது. மணல் வந்து இறங்கி ஆற்றின் அடி மேடாகி, கீழே இருந்த இரண்டு படிகளை மூடிவிட்டது. துணி துவைக்கிற கல் எங்கே போனதென்று கீழ் லயத்துச் செல்லாயி ஒரு வாரம் காலால் துழாவித் தேடினாள்.

இரண்டாவது, மெட்ரிக். பவுண்டு போய்க் கிலோ வந்தது. கட்டை போய்க் கிலோமீட்டர் வந்தது. 1977 சனவரியில் தோட்டத்துக்குப் புதுக் கண்ணாடிக் குவளையும் புது வெப்பமானியும் வந்தன. அங்குலம் போய் மில்லிமீட்டர், ஃபாரன்ஹீட் போய் செல்சியஸ். ராக்காயி யாரையும் நம்புகிறவள் இல்லை. பழைய குவளையில் ஒரு அங்குலம் தண்ணீர் ஊற்றி அதைப் புதுக் குவளையில் கொட்டிப் பார்த்தாள். இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இரண்டு வெப்பமானியையும் ஒரே பெட்டிக்குள் ஒரு மாதம் தொங்கவிட்டு, இது முப்பத்துமூன்று என்றால் அது தொண்ணூற்றொன்று என்று தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் புதிய எண்களை எழுதத் தொடங்கினாள்.

1979 டிசம்பரில் ஒரு நாள் ஆறு பன்னிரண்டாம் படியையும் தாண்டி, செருப்பைக்கூட வாசலில் விடாமல், நாற்பது வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவுக்கு வந்து நின்றது. சனங்கள் மனு எழுதினார்கள். மனுவில் மலையைப் பற்றி ஒரு வரி இருந்தது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? உடனே, அதாவது பத்தே மாதத்தில், ‘சுங்கை கெலுவாங் ஆற்றுப்படுகை மழைப்போக்கு, வெப்பப்போக்கு மற்றும் நிலப்பயன்பாடு ஆய்வுச் செயற்குழு’ அமைந்தது. பெயரைப் பத்திரிகையில் படித்த நூஹு நானா, தேநீரை ஆற்றியபடியே, “வயித்துப்போக்குத்தான் கேள்விப்பட்டிருக்கேன். மழைக்குமா போக்கு?” என்றார்.

செயற்குழுவுக்குத் தலைவராக, மலையை எடுத்துக்கொண்ட நிறுவனத்தின் தலைவரே நியமிக்கப்பட்டார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மலையைப் பற்றி அதை வெட்டியவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மூட்டை தூக்கியவனுக்குத்தானே பாரம் தெரியும்.

செயற்குழுவின் செயலாளர் சின்னையா. பாரிட் புந்தாரில் பிறந்து பல்கலைக்கழகத்தில் படித்தவர், முப்பத்திரண்டு வயது, வெயிலிலும் டை கட்டுகிறவர். அந்தப் படுகையில் இருபது வருஷத்துக்குத் தொடர்ச்சியான மழைக்கணக்கு இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். ஆகவே ஒரு நாள் காலை அவர் பன்னிரண்டாம் கட்டைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். பழனியப்பன் ராக்காயியைக் கூப்பிட்டு, “புத்தகத்தை எல்லாம் எடுத்துட்டு வா. நான் எழுதினதுன்னு சொல்லியிருக்கேன். நீ கூட மாட நில்லு” என்றார்.

சின்னையா புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

“என்ன அதிசயம் இது! எழுபத்தாறு வரைக்கும் வருஷத்துக்கு நூறு. எழுபத்தேழுல பாத்தா ரெண்டாயிரத்து ஐந்நூறு! மழை எகிறிப் போச்சு மிஸ்டர் பழனியப்பன்!”

“ஆமா சார். எகிறித்தான் போச்சு” என்றார் பழனியப்பன்.

“அதிசயம் இல்லைங்க சார்” என்றாள் ராக்காயி. “அது அங்குலம். இது மில்லிமீட்டர். மழை அதேதான், குவளைதான் மாறிடுச்சு.”

பழனியப்பன் அவளை முறைத்தார். சின்னையா அடுத்த பக்கத்துக்குப் போனார். “வெயில் பாருங்க. எண்பத்தெட்டு இருந்தது, முப்பத்துமூணா இறங்கியிருக்கு. குளிர்ந்து போச்சு!”

“அதுவும் அப்படித்தாங்க. முப்பத்துமூணுன்னா பழசுல தொண்ணூத்தொண்ணு. கூடித்தான் போயிருக்கு. மரம் நின்னப்ப மத்தியானம் இந்தப் புல்லுல வெறுங்காலோட நிப்பேன். இப்ப நிக்க முடியல.”

சின்னையா பழனியப்பனைப் பார்த்தார். “குடிக்க ஒரு கோப்பி கிடைக்குமா?” பழனியப்பன் நூஹு நானா கடையை நோக்கி நடந்தார். அவர் தலை மறைந்ததும் சின்னையா கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார்.

“எழுதினது நீங்கதானேக்கா?”

“ஆமாங்க.”

“அங்குலம், மில்லிமீட்டர் எல்லாம் எனக்கும் தெரியும். நான் யூனிவர்சிட்டியில படிச்சவன்லா.”

“அப்ப?”

“அப்ப ஒண்ணும் இல்ல. என்னைய ஒரு ‘போக்கு’ கண்டுபிடிக்கச் சொல்லியிருக்காங்க. எல்லாத்தையும் ஒரே அளவுக்கு மாத்தி எழுதினா போக்கே இல்ல. மழை நேர்கோடு மாதிரி போவுது. அந்த நேர்கோட்ட கொண்டுபோயி கமிட்டி முன்னால வச்சா என்ன கேப்பாங்க? மழை ஏறல, அப்ப ஆறு ஏன் ஏறுச்சுன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் மலையில இருக்கு. மலை யாரோடது?”

“தலைவரோடது.”

“பாத்தீங்களா? மூணாவதோ நாலாவதோ படிச்ச உங்களுக்கே புரியுது.”

“ரெண்டரை” என்றாள் ராக்காயி.

சின்னையா மறுபடியும் புத்தகத்தில் குனிந்தார். இந்தத் தடவை அவர் கண் கடைசிக் கட்டத்துக்குப் போனது. குறிப்பு. 1963: நாலு அங்குல மழை, ஐந்தாம் படி, மறுநாள் சாயங்காலம். 1968: நாலு அங்குலம், ஐந்தாம் படி, மறுநாள். 1978: நூற்றிரண்டு மில்லிமீட்டர், பத்தாம் படி, அதே நாள். 1979: நூற்றுநாலு மில்லிமீட்டர், பன்னிரண்டுக்கு மேல, மூணு மணி நேரத்துல. அதே மழை. அதே ஆறு. அவர் ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். வெளியே ஒரு சேவல் கூவியது. அதற்குக்கூட அவர் நிமிரவில்லை.

“இத யாரு எழுதச் சொன்னா?”

“யாரும் சொல்லலைங்க. காலியா விடக்கூடாதுன்னாங்க.”

“இத மட்டும் டைப் அடிக்க முடியாதுக்கா” என்றார் சின்னையா கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “தாள் அகலம் பத்தாது.”

இதுவும் சரிதான். அரசாங்கத் தாளின் அகலம் எட்டேகால் அங்குலம். உண்மை அதற்குள் அடங்கினால் உண்மை. அடங்காவிட்டால் அது ‘குறிப்பு’.

1981 ஜூலையில் ஈப்போவில் ஒரு பெரிய ஓட்டலில் அறிக்கை வெளியிடப்பட்டது. புள்ளிவிவரம் தந்த தோட்டத்துக்கு மரியாதை செய்யும் வகையில் பழனியப்பனுக்கு மாலையும், அவருக்கு ‘உதவிய’ ராக்காயிக்குச் சான்றிதழும் ஏற்பாடாகியிருந்தன. ராக்காயி மகளின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். அறைக்குள் நுழைந்ததும் பல் கிடுகிடுத்தது. வெப்பநிலை குறைந்துவிட்டது என்று இவர்கள் சொல்வது பொய்யில்லை, இவர்கள் இருக்கிற இடத்தில் குறைந்துதான் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

சுவரில் ஒரு வரைபடம். 1976 வரைக்கும் தரையோடு தவழ்ந்த நீலக்கோடு, 1977இல் மூங்கில்போலக் கூரையை நோக்கி நிமிர்ந்தது. அதுதான் மழை. மேலே இருந்த சிவப்புக்கோடு அதே வருஷம் தொப்பென்று கீழே விழுந்தது. அதுதான் வெயில். பக்கத்தில் நிலப்பயன்பாட்டு அட்டவணை. அதில் இரண்டே வரிசை. காடு: ‘பயன்படாத நிலம்’. மொட்டை மலை: ‘பயன்பாட்டில் உள்ள நிலம்’.

தலைவர் மலாய் மொழியில் உருக்கமாகப் பேசினார். வெள்ளத்துக்குக் காரணம் மழை என்பது விஞ்ஞான முறைப்படி நிரூபணமாகிவிட்டது என்றார். மலையில் செம்பனை வந்த பிறகு இந்தப் படுகையே ஊட்டியிடம் போட்டி போடும் அளவுக்குக் குளிர்ந்துவிட்டது என்ற பொருளில் ஏதோ சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு சான்றிதழ். கூடவே ‘இரண்டு வார்த்தை’ பேசும்படி கேட்டுக்கொண்டார். சின்னையா மொழிபெயர்ப்பார்.

ராக்காயி ஒலிவாங்கி முன்னால் நின்று தமிழில் சொன்னாள். “அந்தக் கோடு தப்புங்க. மழை ஏறல. நான் இருபது வருசமா அளந்திருக்கேன்.”

சின்னையா இருமினார். பிறகு மலாயில், “இந்த அம்மாள் இருபது வருஷமாக இப்படி ஓர் ஆராய்ச்சியைப் பார்த்ததில்லை என்கிறார்” என்றார்.

கைதட்டல்.

ராக்காயி கையில் இருந்த சான்றிதழைச் சுருட்டினாள். பாசாரில் மீன் வாங்கிப் பேரம் பேசிய மலாய் அவளிடம் இருந்தது. காது கேட்டதைப் புரிந்துகொள்ள அது போதும். வாய் பேசவும் போதும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். மொழிபெயர்ப்பாளரை ஒதுக்கிவிட்டு நேராகத் தலைவரைப் பார்த்துச் சொன்னாள்:

“ஹுஜான் சாமா. புக்கிட் தாக் அடா.”

மழை அதேதான். மலைதான் இல்லை.

சின்னையா தன் செருப்பைப் பார்த்தார். பழனியப்பன் மாலைக்குள் மறைந்துகொண்டார். தலைவர் கண்களை மூடினார். திறந்தபோது அவை ஈரமாக இருந்தன.

“கவிதை!” என்றார். “ஏழை மக்களின் வாயிலிருந்து எவ்வளவு ஆழமான நாட்டுப்புறக் கவிதை! இதை அறிக்கையின் பின்னட்டையில் போடுங்கள். பூ வேலைப்பாடு வைத்துப் போடுங்கள்.”

அப்படியே போட்டார்கள். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். ராக்காயி சாப்பிடாமல் காத்திருந்து, பழனியப்பன் சாப்பிட்டு வந்ததும் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது, வரவில்லை. தாங்கமுடியாத கோபத்தில் சிரிப்பு வந்தது. பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த பழனியப்பன், “ஏன் சிரிக்கிற?” என்று கேட்டார்.

அந்த வருஷம் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்குச் செம்புப் பாத்திரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பதினொரு மணிக்கு மலைப்பக்கம் வானம் சட்டிக்கரியாகக் கறுத்தது. ஒரு மணிக்குத் தோட்டத்தில் மழை பிடித்தது. ராக்காயி குடையோடு படிக்கட்டுக்குப் போனாள். ஆறு நாலாம் படியில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து. அவள் முந்தானையைப் பிழிந்து நிமிர்வதற்குள் ஏழு. தண்ணீர் செங்கல் குழம்பாக வந்தது. அதில் மலையில் நட்ட செம்பனைக் கன்றுகள் வேரோடு மிதந்து வந்தன.

அவள் ஆபீஸுக்கு ஓடினாள். பழனியப்பன் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பழனியப்பன் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த அவளுடைய சான்றிதழில் அச்சடித்திருந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்தாள்.

“சார், பன்னிரண்டாம் கட்டை ராக்காயி. தண்ணி ஏழாம் படி. இன்னும் ரெண்டு மணி நேரத்துல வீட்டுக்குள்ள வந்துரும். யாரையாவது அனுப்புங்க.”

“மழை எவ்வளவுக்கா?” என்றார் சின்னையா.

“இங்க ரெண்டு அங்குலம்கூட இல்ல.”

“ரெண்டு அங்குலத்துக்கு வெள்ளம் வராதுக்கா. வெள்ளத்துக்குக் காரணம் மழைன்னு அறிக்கையில போட்டாச்சு. மழை இல்லாம வெள்ளம்னு நான் எப்படி மேல சொல்ல?”

“மேல மலையில பெய்யுது சார்!”

“மலையில மழை அளக்க ஆள் இல்லையே. அளக்காத மழை ரெக்கார்டுல வராது. கமிட்டி கூடித்தான்...” குரல் நின்றது. மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தமும், கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்த குரல் வேறாக இருந்தது. “அக்கா, ஆளுகள மேல ஏத்துங்க. எல்லாரையும். இப்பவே. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

ஆபீஸ் தாழ்வாரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அதைத்தான் அடிப்பார்கள். ராக்காயி இரும்புக் கம்பியை எடுத்து, தோள் கழன்றுவிடும்போல் அடித்தாள். பழனியப்பன் எச்சில் கையோடு ஓடிவந்தார்.

“பெரட்டு மணிய அடிக்க உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?”

“நீங்கதான் ஐயா. மழை வேலை எல்லாம் என்னோடதுன்னீங்க.” அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

சனங்கள் மேட்டில் இருந்த மாரியம்மன் கோயிலுக்கு ஓடினார்கள். பிள்ளைகள், கோழிக்கூடை, சாமிப்படம், அரிசிச் சாக்கு. ஐயாவு தங்கள் ஆட்டையும், நடக்கமுடியாத கிழவர் ஒருவரையும் சுமந்துகொண்டு இரண்டு தடவை ஏறினான். முப்பத்தொன்பது வீடு காலியாகிவிட்டது. செல்லாயி மட்டும் வரவில்லை. புருஷன் செத்த பிறகு தையல் மிஷினை வைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மிசினு இல்லாம நான் எங்கடி போவேன்? நீ போ.”

தண்ணீர் கணுக்காலைத் தொட்டுவிட்டது. ராக்காயி வாதாடவில்லை. “நீ தலையப் புடி, நா காலப் புடிக்கிறேன்” என்றாள். இரண்டு பேரும் அந்த இரும்புப் பாரத்தைப் பிணம் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு, வழுக்குகிற சேற்றில் ஏறினார்கள். பாதி வழியில் தண்ணீர் தொடைக்கு வந்தது. ஐயாவு இறங்கிவந்து கைகொடுத்தான். அவர்கள் திரும்பிப் பார்த்தபோது செல்லாயி வீட்டுக் கதவு ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

கோயில் மேட்டில் ராக்காயி தலைகளை எண்ணினாள். நூற்றுத் தொண்ணூற்றாறு. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள். நூற்றுத் தொண்ணூற்றாறு. ஒருவரும் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். கீழே பதினொரு வீடுகள் விழுந்தன. ஏழாவது வீடு ஐந்து மணிக்கு விழுந்தது.

“நம்ம வீட்டுலேருந்து ஒரு சாமானும் எடுக்கலையே” என்றான் ஐயாவு.

“அந்தப் பக்கமே போகல நானு” என்றாள் ராக்காயி. அப்போதுதான் அவளுக்கே அது ஞாபகம் வந்தது.

இனிமேல் நடந்ததெல்லாம் நிர்வாகத்தின் வேகத்துக்குச் சான்று. இரண்டாம் நாள், அனுமதியின்றிப் பெரட்டு மணி அடித்ததற்கு விளக்கம் கேட்டு ராக்காயிக்குக் கடிதம் வந்தது. மூன்றாம் நாள், ஓர் உயிர்கூடப் போகாதது தங்கள் அறிக்கையின் ‘முன்னெச்சரிக்கைத் திறனை’ மெய்ப்பித்துவிட்டதாகச் செயற்குழு தன்னைத் தானே பாராட்டித் தீர்மானம் போட்டது. ஐந்தாம் நாள் லயத்துச் சனங்களுக்கு வெளியேற்ற நோட்டீஸ். மலையை வெட்டியவருக்கு ஏழு வருஷமாக ஒரு தபால் அட்டைகூடப் போகவில்லை என்பதை நினைத்தால், நனைந்தவர்கள்மீது அரசாங்கத்துக்கு இருந்த கரிசனம் விளங்கும்.

கோயில் மேட்டில் வைத்துப் பழனியப்பன் அதைப் படித்துக் காட்டினார். ‘சுங்கை கெலுவாங் ஆற்றின் இயற்கையான பாதையில் அத்துமீறிக் குடியிருந்து, அதன் ஓட்டத்துக்கு இடையூறு விளைவித்தமை.’ லயம் கட்டியது 1931. ஆறு அங்கே குடிவந்தது 1979. ஆனாலும் யார் அத்துமீறியவர் என்பதில் செயற்குழுவுக்குச் சந்தேகம் இல்லை. ஆறு இயற்கை. இயற்கைக்கு வயது அதிகம்.

பத்தாம் நாள் ஆறு லாரிகள் வந்து நின்றன. ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டி முடித்த மணல்வெளியில் நீளமான தகரக் கொட்டகைகள் தயாராகிவிட்டனவாம். ஒரு மரம் கிடையாது. ஆகவே மரம் விழும் ஆபத்தும் கிடையாது. சனங்கள் மீந்த பாத்திரங்களை ஏற்றினார்கள். செல்லாயியின் மிஷின் ஏறியது. ஐயாவுவின் ஆடு ஏற மறுத்துப் பிறகு ஏறியது.

மேற்பார்வைக்குச் சின்னையா வந்திருந்தார். டை இல்லை. எல்லாரும் ஏறும்வரை ராக்காயி தரையில் நின்றாள். அவர் அவள் அருகே வந்து மெதுவாகப் பேசினார்.

“அக்கா, என்மேல கோவப்படாதீங்க. உங்க யாரையும் நான் குத்தம் சொல்லல. இந்தத் தடவ வெள்ளத்து அறிக்கையில நல்லாப் பாருங்க, ஆறுதான் குத்தவாளின்னு போட்டிருக்கேன்.”

“ஆறு குத்தவாளின்னா எங்கள ஏன்யா லாரியில ஏத்துறீங்க?”

சின்னையா கையை விரித்தார். அடுத்து வந்தது அவருடைய பல்கலைக்கழகப் படிப்பு முழுவதும் திரண்டு வந்த பதில். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“ஆத்தத் தூக்கி லாரியில ஏத்த முடியாதேக்கா.”

ராக்காயி ஒரு காலைச் சக்கரத்தின்மேல் ஊன்றி, ஐயாவுவின் கையைப் பிடித்து, ஏறி உட்கார்ந்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

“ஏன்? மலைய ஏத்துனீங்களே!”